கதிரவன் எழுதும் நாட்குறிப்பு

இங்கிலாந்து நாட்டில் பனிக்காலம் நெடியது. அக்காலத்துப் பகலோ குறுகியது. வானம் பெரும்பாலும் முகில் மூடிக் கிடக்கும். ஆதலின், மார்ச்சுத் திங்களில் இளவேனிலின் முதல் வெயில் புல்வெளியிற் படரும்போது அந்நாட்டு மக்கள் பேருவகை எய்துவர். அந்நாட்களில் பகற்பொழுது நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் வளர்கின்றது. எனினும், பகல் நீண்டதனால் வெயிலும் மிகுந்தது என்று கூறிவிடல் இயலாது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெயில் காய்ந்தது என்பதை அளந்தறிவது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர் ஜான் பிரான்சிஸ் காம்பெல் என்பவர். அவர் ஸ்காட்லாந்து நாட்டினர். மலைநாட்டு மக்களிடையே வழங்கிய பழங்கதைகளைத் தேடித் தொகுத்த அறிஞர். 1853-ஆம் ஆண்டில் அவர் மரக்கிண்ணம் ஒன்றில் கண்ணாடிக் கோளத்தை வைத்து வெயிலில் நிறுத்தினார். கோளம் கதிர்களை ஒருங்கு குவித்தது. குவிந்த இடத்தில் மரம் கருகியது. 1879-ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்னும் அறிவியலறிஞர், மரக்கிண்ணத்திற்கு மாற்றாக, மணிக்கோடுகள் இட்ட அட்டையைச் செருகுதற்குரிய உலோகச் சட்டத்தை அமைத்தார். கதிரவன் வானில் நகர நகரக் கருகிய கோடும் அட்டையில் நகரும். முகில் மறைத்தால் அறும். முகில் விலகினால் தொடரும். இக்கருவியில் சக்கரமும் இல்லை. முடுக்கும் சாவியும் இல்லை. பனிக்காலத்திற்கும் கோடைக்கும் வளைந்த அட்டைகள் உரியன. மார்ச்சுத் தொடக்கத்தில் நேரான அட்டை இடப்பெறும். அட்டையின் மாற்றமே இளவேனிலின் வரவைக் கூறிவிடும்.

கருவி எளிதே, அதனைக் காப்பவரது கடமைதான் அரியது. கோளத்தின்மீது படிந்த உறைபனியைத் துடைத்தல் வேண்டும். நாள்தோறும் அட்டையை மாற்றுதல் வேண்டும். வெயிலே தோன்றாத நாளில், கோடற்ற அட்டையைப் பார்த்துச் சுழி என்றே எழுதுதல் வேண்டும். சோம்பலால் ஒரு நாள் தவறினால் அந்நாளை எவராலும் மீட்டுத் தர இயலாது. கருதிப் பார்த்து எழுதினாலோ அது பொய்யாகிவிடும்.

ஆக்ஸ்போர்டு நகரின் ராட்கிளிஃப் வானிலை நிலையத்தில், 1813-ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஒரு நாளும் விடுபடாமல் வெப்பநிலை குறிக்கப்பெற்று வருகின்றது. 1880-ஆம் ஆண்டு முதல் வெயில் நேரமும் குறிக்கப்பெறுகின்றது. இரண்டு உலகப் போர்களிலும் அப்பணி நிற்கவில்லை. அன்று எழுதியவர்கள், தம் குறிப்புகள் யாருக்குப் பயன்படும் என்பதை அறியார். உலகம் வெப்பமடைந்து வருவதை இன்று ஆராய்வோர்க்கு அவையே உறுதியான சான்றுகளாய் நிற்கின்றன.

ஒரு நாளின் குறிப்பு சிறிது. இருநூறு ஆண்டுகளின் குறிப்போ பெருஞ்செல்வம். இடையறாத முயற்சியும் உள்ளதை உள்ளவாறே உரைக்கும் நேர்மையும் சேர்ந்தே அச்செல்வத்தை ஈட்டின.