டென்மார்க் தெருவும் ஹான்வெல் கடையும்

லண்டன் மாநகரின் நடுவே, டொட்டன்ஹாம் கோட் வீதிப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறி இரண்டு நிமிடம் நடந்தால் டென்மார்க் தெரு வருகிறது. தெரு என்று அதனை அழைக்கவே சற்றுத் தயக்கமாக இருக்கும். வெள்ளவத்தையிலே கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் நீளங்கூட அதற்கு இல்லை. ஆன் மகாராணியின் கணவரான டென்மார்க் இளவரசர் ஜோர்ஜின் பெயரால் வழங்கும் இத்தெருவில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பட்ட செங்கல் வீடுகள் சில இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. கிழக்கு முனையிலே சென் ஜைல்ஸ் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம்; மறுமுனையிலே, பழமைக்குச் சற்றும் பொருந்தாத வகையில், வீட்டுயர மின்திரைகள் இரவு பகலாக வர்ணஜாலம் காட்டுகின்றன.

1911ஆம் ஆண்டில் லோரன்ஸ் ரைட் என்னும் இசைப் பதிப்பாளர் இங்கே வந்து கடை விரித்தார். அவரைப் பின்பற்றிப் பாட்டு எழுதுவோரும் அதை அச்சடித்து விற்போரும் வந்து சேர்ந்தனர். 4ஆம் இலக்கக் கட்டடத்தில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திலேதான் 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் முதல் இசைத்தட்டின் பாடல்கள் பதிவாகின. அச்சிட்ட பாட்டுக்கு மதிப்புக் குறைந்த காலத்தில் பதிப்பாளர்கள் விலக, அவர்கள் இருந்த அறைகளிலே கிற்றார்கள் தொங்கலாயின. அண்மைக் காலப் பெருங் கட்டட வேலைகளின்போது சில கடைகள் மறைந்தன. எஞ்சியவை இன்றும் தெருவின் பெயரைக் காப்பாற்றி வருகின்றன.

இத்தெருவுக்கு நான் சென்றது வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. லண்டனிலே படிக்கும் என் மருமகன், நண்பர் நால்வருடன் சேர்ந்து இசைக்குழு ஒன்று நடத்துகிறான். அவன் கையில் இருப்பது பேஸ் கிற்றார்; நான்கு தடித்த தந்திகளைக் கொண்டு பாட்டின் அடித்தளத்தைத் தாங்கும் வாத்தியம். எட்டு மாதம் எரிபொருள் நிலையமொன்றில் இரவு வேலை செய்து 650 பவுண் சேர்த்திருந்தான். அவ்வளவையும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியிலே போடப் போகிறான் என்று கேள்வியுற்ற என் தங்கை, கொழும்பிலிருந்து என்னை அழைத்து, “அண்ணா, பிள்ளை காசைக் கரியாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ” என்றாள். அவனுக்கோ வேறு கவலை. இரண்டு சனிக்கிழமை கழித்து ஹரோவிலே ஒரு திருமண வரவேற்பு. முந்திய நிகழ்ச்சியிலே அவனுடைய வாத்தியம் ஒருவர் காதிலும் விழவில்லை. இம்முறையும் அப்படியானால் வேறு ஆளைத் தேடுவோம் என்று கூட்டாளிகள் நயமாகச் சொல்லிவிட்டார்களாம்.

பேஸ் கிற்றாரின் ஒலியைப் பெருக்குவது ஏன் இத்தனை சிரமம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அதன் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த தந்தியோ 82 முறை. அதிர்வு மெதுவாகும்போது, அதே அளவு உரத்துக் கேட்பதற்கு ஸ்பீக்கர் மிக அதிகமான காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவேதான் பெரிய கூம்பு, உறுதியான பெட்டி, நிறைந்த மின்வலு எல்லாம் வேண்டப்படுகின்றன. கிற்றாருக்கென்று செய்த சிறு பெட்டியிலே பேஸ் வாத்தியத்தை இணைத்து உரக்க வாசித்தால் கூம்பு கிழிந்து போவதும் உண்டு. மின்வலுவை இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்று எண்ணுவது வீண். 3 டெசிபெல்லே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். 300 வாற்றுக்கும் 400 வாற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதற் பணம் கொடுப்பவர்கள் இதனை அறிவது நல்லது.

நாங்கள் நுழைந்த கடையின் நிலக்கீழ் அறையிலே, அலுமாரிபோல ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. அம்பெக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1969இல் வெளியிட்ட 300 வாற்று வால்வு அம்பிளிபயரும், எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியுமாகும். அவ்வாண்டிலே ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் உபயோகித்த இனம். மருமகன் அதனைக் கண்டதும் கோயில் தேரைக் கண்டவன்போல் நின்றுவிட்டான். மேற்பெட்டி மட்டும் 40 கிலோவை அண்மியது. கீழ்ப்பெட்டி 60 கிலோவுக்கு மேல். அவன் குடியிருப்பதோ மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. மோட்டார் வண்டியும் இல்லை.

கடையிலிருந்த பெண் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். தாமும் பேஸ் வாசிப்பவர் என்றார். அவர் எதையும் விற்க அவசரப்படவில்லை. எங்கே வாசிப்பாய், தாளவாத்தியக்காரர் எவ்வளவு பலமாக அடிப்பவர், எதிலே கொண்டு போவாய் என்று மூன்று கேள்விகள் கேட்டார். பின் ஒரு பெட்டியில் வாத்தியத்தை இணைத்து வாசிக்கச் சொன்னார். மருமகன் தாழ்ந்த சுருதியையும் உச்சச் சுருதியையும் கூட்டி, நடுப்பகுதியைக் குறைத்து வாசித்தான். அறையே நிறைந்தது போலிருந்தது. எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

“தனியே வாசிக்கும்போது இது அழகு. தாளமும் கிற்றாரும் சேர்ந்தவுடன் மறைந்து போகும்” என்றார் அந்தப் பெண். தாழ்ந்த பகுதியைத் தாளவாத்தியத்தின் பெரிய மேளமும், மேற்பகுதியை அதன் தட்டங்களும் நிரப்பிவிட, நடுப்பகுதியிலேதான் பேஸ் வாத்தியம் தன் குரலைக் காட்ட இடமுண்டு. அதையே இவன் குறைத்துக்கொண்டிருந்தான். சென்ற நிகழ்ச்சியிலே ஒருவருக்கும் கேட்காமற் போனதன் மர்மம் ஒரு காசும் செலவின்றி அங்கேயே வெளிப்பட்டது. நான் தங்கையை நினைத்துக்கொண்டேன்.

ஆயினும் அவனிடம் இருந்தது பயிற்சிக்கேற்ற சிறு பெட்டிதான்; புதியது வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்பெண் காட்டியது இக்காலத்துப் புது இனம்: இரண்டரைக் கிலோ நிறையுள்ள, தடித்த புத்தகம் போன்ற அம்பிளிபயர். மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் முறையால் வெப்பமாக வீணாவது குறைவு. ஆகவே பாரமான உறுப்புகள் தேவையில்லை. அதனோடு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட 14 கிலோப் பெட்டி. பெட்டியின் தடை 8 ஓம். இன்று ஒன்று வாங்கி, வசதி வரும்போது இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். அப்போது அதே அம்பிளிபயர் கூடுதலான வலுவைத் தரும். அதற்கும் கீழே இறக்கலாமா என்பதைக் கருவியின் பின்புறம் எழுதியிருப்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அனுமதிக்காத கருவியில் மூன்றாவது பெட்டியை மாட்டுவது அதற்குச் சாவோலை எழுதுவதாகும்.

மருமகனின் கண் மட்டும் அந்த அலுமாரியைவிட்டு அகலவில்லை. “மாமா, முடிவு சொல்ல முந்தி ஹான்வெலுக்கு ஒருக்காப் போய் வருவோமே” என்றான்.

டொட்டன்ஹாம் கோட் வீதியிலிருந்து ஹான்வெலுக்கு, 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையிலே அரை மணி நேரப் பிரயாணம். வண்டி மாற வேண்டியதில்லை. ஊதியுதிர்த்த இலைகள் மேடையெங்கும் கிடக்கும் அமைதியான மேற்குப் புறநகர். நிலையத்துக்கு அப்பால், புருனெல் என்னும் பொறியியலாளர் 1830களில் கட்டிய பாலம் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. இங்கே அக்ஸ்பிரிட்ஜ் வீதியிலே, 76ஆம் இலக்கத்தில், 1960இல் ஜிம் மார்ஷல் என்னும் தாளவாத்திய ஆசிரியர் கடை திறந்தார். தம்மிடம் பயின்றவர்களுக்குத் தாளவாத்தியங்கள் விற்பதே முதல் நோக்கம். அவர்களோடு கிற்றார்க்காரரும் வந்தனர். வந்தவர்கள் அமெரிக்க அம்பிளிபயர் கேட்டனர். அதுவோ அரிதும் விலையுயர்ந்ததும். கடையின் பழுதுபார்ப்பவரான கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் துணைநிற்க, 1962இல் உள்ளூரிலேயே ஒன்றைச் செய்து பார்த்தனர். உலகப் புகழ்பெற்ற மார்ஷல் அம்பிளிபயர் பிறந்த கதை இதுவே.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. அவர்கள் மாதிரியாகக் கொண்டது பென்டர் நிறுவனத்தின் பேஸ்மன் என்னும் கருவி. கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் லியோ பென்டர் 1951இல் தம் மின் பேஸ் கிற்றாரை வெளியிட்டார். அதற்குத் துணையாக 1952இல் வந்ததே பேஸ்மன். பேஸ் வாத்தியத்துக்கென்று பிறந்த அந்தக் கருவி, பின்புறம் திறந்த பெட்டியோடு, தாழ்ந்த சுருதியிலே தடுமாறியது. ஆனால் சாதாரணக் கிற்றாரை இணைத்தபோது அதன் தடுமாற்றமே இனிமையாயிற்று. மார்ஷல் அதே சுற்றமைப்பை எடுத்து, நான்கு பன்னிரண்டங்குல ஸ்பீக்கர்களை முற்றும் மூடிய பெட்டியில் அடைத்தார். பெட்டி மூடியிருப்பதால் பின்புறத்து அலை முன்புறத்து அலையைக் குலைப்பதில்லை; ஒலி இறுகிப் பலத்தது.

அயலூரான அக்ரனிலிருந்து வந்த வாடிக்கையாளர்களுள் த ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜோன் என்ட்விசிலும் கிற்றார்க் கலைஞர் பீற் டவுன்ஷென்டும் இருந்தனர். ஒருவரை மிஞ்ச ஒருவர் பெட்டிமேல் பெட்டி அடுக்கினர். பின்னாளில் இருவருக்குமே செவிப்புலன் குன்றியது. டவுன்ஷென்ட் இதனைப் பகிரங்கமாகவே பேசியுள்ளார். மேடையைவிட, ஒலிப்பதிவுக்கூடத்தில் அணிந்த ஹெட்போன்களையே அவர் பெரிதும் குறைசொல்வதுண்டு. பிரித்தானியச் சட்டம் இன்று, நாள்முழுதும் சராசரி 85 டெசிபெல்லை எட்டினால் தொழிலாளரின் காதுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும்.

வீதியோரத்தில் நின்று அக்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன், ஒத்திகை முடிந்த இரவுகளிலே தன் காதில் ரீங்காரம் கேட்பதாக அப்போதுதான் சொன்னான். தாயிடம் சொல்லவில்லையாம். எத்தனை மாதமாக என்று கேட்டேன், பதில் வரவில்லை. அந்தப் பிரயாணத்தில் என்னைத் திடுக்குறச் செய்தது அதுவே. நாளைக்கே வைத்தியரிடம் காட்டுவதாக என்னிடம் வாக்குக் கொடுத்த பின்புதான் மீண்டும் வண்டியேறினோம்.

டென்மார்க் தெருவிலே பேரம் விரைவில் முடிந்தது. அம்பிளிபயர் பழையது, 240 பவுண்; பெட்டி 310. மிகுந்த நூறிலே காதுக்கு வைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் ஒரு சோடி. சாதாரணப் பஞ்சைப்போல ஒலியை மங்கச் செய்யாது, எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் குறைப்பது. பின் ஒரு ஸ்பீக்கர் வடம். கிற்றாரை இணைக்கும் மெல்லிய வடத்தை ஸ்பீக்கருக்குப் போடக்கூடாது. தோற்றம் ஒன்றாயினும் உள்ளே கம்பி வேறு. இரவில் பெட்டியை வாகனத்திலே விட்டுவைக்கவேண்டாம் என்றும் அப்பெண் எச்சரித்தார். போல் மக்கார்ட்னியின் பேஸ் கிற்றார் 1972இல் இந்நகரிலே வாகனமொன்றிலிருந்து களவுபோய், அரை நூற்றாண்டுக்குப் பின்பே அவரிடம் திரும்பி வந்தது என்ற செய்தி 2024இல் வெளியானதை வாசகர்கள் அறிந்திருப்பர்.

ஹரோவிலே மண்டபத்துச் சுவரில் மூன்று விளக்குகள் இருந்தன. ஒலி எல்லை கடந்து சிவப்பு எரிந்தால் மேடையின் மின்சாரமே நின்றுவிடுமாம். அயலவரின் உறக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு. அந்த அலுமாரிக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்! மருமகன் தன் பெட்டியை நாற்காலியொன்றின் மேல், தன் காதை நோக்கி வைத்துக்கொண்டான். அம்பிளிபயரின் பின்னாலிருந்து ஒரு வடம் மண்டபத்து ஒலியமைப்புக்குச் சென்றது. சபைக்கு வேண்டியதை அது கவனித்தது. நடுச்சுருதியைச் சிறிது கூட்டியிருந்தான். காதில் அடைப்பான் இருந்தது. இரண்டு முறை மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டும் தாளவாத்தியக்காரரின் கைங்கரியம்.

நடுநிசியில் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினான். அம்பிளிபயரைச் சுமந்தவன் நான். இரண்டாம் மாடியிலே சற்று இளைப்பாறினேன்.