ஒன்றரை டாலரில் ஒரு கல்லூரி



பெரியவங்க வரலாறுன்னாலே பிறந்த வருஷம், வாங்கின பட்டம் என்று மனப்பாடம் பண்ணத்தான் நமக்குத் தோணும். ஆனா மேரி மெக்லியோட் பெத்யூன் வரலாற்றைப் படிச்சப்போ எனக்கு அப்படித் தோணல. பக்கத்துத் தெருப் பொண்ணு கதை மாதிரியே இருந்தது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியை உண்டாக்கி, அதுக்குத் தலைவராகவும் இருந்த கறுப்பினப் பெண் இவர். நம்ம ஊர்க் கல்லூரி முதல்வர் மாதிரியான பதவியை அங்கே தலைவர் என்று சொல்வாங்க.

மேரி 1875-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தார். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-வது. அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்தவங்க. 1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிஞ்ச பிறகுதான் விடுதலை ஆனாங்க. குடும்பமே பருத்திக் காட்டில் வேலை பார்த்தது. ஒருநாள் அம்மா வேலை செய்யும் வெள்ளைக்காரர் வீட்டில், மேரி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளை, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்று சொல்லிவிட்டாள். மேரி வெச்சிட்டா. ஆனா அந்தச் சொல் மனசை விட்டுப் போகல. அவங்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமே இந்தப் படிப்புதான் போல என்று அன்னைக்கே நினைச்சதாக, பெரியவரான பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வந்தது. தினமும் சுமார் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் நடந்து போகணும். திரும்பவும் அதே தூரம் நடக்கணும். வந்ததும் கால் வலிக்குதுன்னு படுத்துடல. அன்னைக்குப் படிச்சதை வீட்டில் இருக்கிறவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. எங்க அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மகளிர் குழு நோட்டில் என்ன எழுதியிருக்குன்னு பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கேட்பாங்க. மேரியைப் பற்றிப் படிச்ச பிறகு, ராத்திரி சோறு ஆக்கி முடிச்சதும் அம்மாவுக்குப் பத்து நிமிஷம் எழுத்து சொல்லித் தர ஆரம்பிச்சேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று முதலில் சிரிச்சாங்க. போன மாசம் குழுக் கூட்டத்தில் தன் பேருக்கு நேரா எவ்வளவு கடன் பாக்கின்னு யாரையும் கேட்காம அவங்களே படிச்சிட்டாங்க. கணக்கில் நூறு ரூபாய் கூடுதலா இருந்ததையும் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க!

சரி, மேரி கதைக்கு வருவோம். டென்வர் நகரத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் கொடுத்த பண உதவியில் மேரி மேல்படிப்பு படிச்சார். ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேவை செய்ய ஆசைப்பட்டார். கறுப்பினத்தவருக்கு அந்த வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதனால் சொந்த நாட்டிலேயே ஆசிரியை ஆனார்.

1904-ஆம் ஆண்டு அக்டோபரில் புளோரிடா மாநிலம் டேடோனாவில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்போ அவர் கையில் இருந்தது ஒன்றரை டாலர்தான். படிக்க வந்தது 5 சிறுமிகள், கூட அவருடைய மகன். பெஞ்சும் மேஜையும் தூக்கி எறிஞ்ச மரப்பெட்டியில் செய்தது. எரிஞ்ச கட்டைக் கரிதான் பென்சில், காட்டுப் பழச் சாறுதான் மை! சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இனிப்புப் பலகாரம் செய்து வேலையாட்களிடம் விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஊர்க்காரங்க குப்பை கொட்டின இடத்தை வாங்கிக் கட்டடம் கட்டினார்கள்.

ஒரு மாணவிக்குக் குடல்வால் நோய் வந்தப்போ, வெள்ளையர் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே சேர்க்காம வராந்தாவில் படுக்க வெச்சிருந்தாங்க. மேரி அழுதுட்டுச் சும்மா இருக்கல. 1911-இல் கறுப்பின மக்களுக்காக ஓர் ஆஸ்பத்திரியே திறந்துட்டார்.

1920-இல் அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. கறுப்பின மக்களை ஓட்டுப் போட வைக்க மேரி பாடுபட்டார். அதைப் பொறுக்காத நிறவெறிக் கூட்டம் ஒன்று, முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரி பள்ளிக்கே மிரட்ட வந்தது. மேரி ஓடி ஒளியல, அங்கேயே நின்றார். வந்தவங்கதான் திரும்பிப் போனாங்க. ஓட்டுப் போடுறதும் நிற்கல.

1923-இல் இவருடைய பள்ளி குக்மன் என்ற இன்னொரு பள்ளியோடு சேர்ந்தது. பிறகு பெத்யூன்-குக்மன் கல்லூரி ஆனது. 1942 வரைக்கும் மேரிதான் தலைவர். நடுவில் 1936-இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆட்சியில் கறுப்பின இளைஞர்களுக்கான அரசுப் பொறுப்பும் ஏற்றார். 1955 மே 18-இல் காலமானார். கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2007-இல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமும் ஆயிடுச்சு.

இன்னொரு சேதி கேளுங்க. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலை வைக்கலாம். புளோரிடா வெச்சிருந்த ஒரு சிலை, அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட பக்கத்தின் தளபதியுடையது. அதை எடுத்துவிட்டு, 2022-இல் மேரியின் சிலையை வெச்சாங்க. புத்தகத்தைக் கீழே வை என்று கேட்ட அதே பொண்ணுக்கு, காலடியில் புத்தகங்கள் அடுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிலை!

தோழிகளே, எட்டாம் வகுப்பு வரைக்கும் நம்மகூடப் படிச்சிட்டு நின்னுபோன இரண்டு பேர் இந்த ஊரிலேயேதான் இருக்காங்க. அவங்களுக்கு வேலைக்குப் போக வேண்டிய நிலைமை. அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வாரம் நடத்தின பாடத்தைச் சொல்லிக் கொடுக்க நம்மால் முடியும். தனித்தேர்வு எழுத ஆசை இருக்குன்னு ஒருத்தி என்கிட்ட சொன்னாள். நான் இந்த ஞாயிறு போறேன். நீங்களும் வாங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி