சிங்ககட் சென்று வந்தேன்

சென்ற ஆவணி மாதத்து ஞாயிறன்று, பத்து வயது மகனுடன் சிங்ககட் மலைக்குச் சென்றேன். புனேயிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். அடிவாரத்து அத்கர்வாடியிலிருந்து நோக்கியபோது, பசும்புல் போர்த்த சரிவுக்கு மேலே உச்சியெங்கும் வெண்மை.

"பனியா அப்பா?" என்றான்.

"மழைமேகம், தம்பி."

ரயில்வே அலுவலக நாற்காலியில் பழகிய என் கால்கள் பாதிவழியில் தளர்ந்தன. அவனோ பள்ளியில் கற்ற தானாஜியின் கதையைச் சொல்லிக்கொண்டே முன்னேறினான். 1670-ல் நள்ளிரவிலே செங்குத்துப் பாறையேறி, கோட்டை வசமாகும் பொருட்டு உயிர்நீத்த வீரர் அவர். உச்சியில் பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் மண்குடுவைத் தயிரும் உண்கையில் கேட்டான்: "நம் ஊர் மலைக்கோட்டையைப் பிடித்தவர் யார், அப்பா?"

நான் திண்டுக்கல்லிற் பிறந்தவன். அம்மலையின் நிழலில் வளர்ந்தும் ஒருநாளேனும் ஏறியதில்லை, கதையும் அறியேன். மகன் சொந்த ஊரை மறந்துவிடுவானே என்று நாள்தோறும் வருந்தியவன் நான். மறந்தவர் யார்?

வீடு திரும்பிப் படித்தறிந்தேன்: 1605-ல் மதுரை நாயக்கர் எழுப்பி, பின்னர் ஹைதர் அலி ஆண்டு, 1790-ல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. வரும் விடுமுறையில் ஊர் செல்கிறோம். அங்கே கதை சொல்லும் முறை என்னுடையது.