இரும்பில் பதியும் அமானிதம்



ஒரு பொருளின்மீது பதியும் வணிகக் குறி, செய்தவர் இல்லாத இடத்தில் அவருக்காகப் பேசும் சாட்சி. கோவையில் மூன்று தலைமுறையாக இரும்பு வார்ப்படத் தொழில் செய்து வரும் எங்கள் குடும்பம், பம்பு உறைகளிலும் வால்வுகளிலும் பதிக்கும் குறியை அண்மையில் புதிதாக வடிவமைத்தது. அழகைப் பற்றிய வேலையாகத் தொடங்கிய அது, சில வாரங்களில் ஈமானைப் பற்றிய உரையாடலாக மாறிற்று. கடையோ தொழிலோ நடத்தும் பலருக்கும் இக்கேள்வி எழக்கூடும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பாட்டனார் காலத்துக் குறியில் ஒரு பிறையும், அதனுள் 786 என்ற எண்ணும், கீழே அவர்களுடைய பெயரும் இருந்தன. வார்ப்படத்தில் எழுத்து மேலெழும்பி நிற்க வேண்டுமானால், அச்சை மணலில் அழுத்தி எடுக்கும்போது மணல் உடையாதிருக்க வேண்டும். அதற்கு எழுத்தின் பக்கங்கள் சற்றே சரிவாக அமைய வேண்டும். கோடு தடிமனாக இருக்க வேண்டும். 8, 6 ஆகிய எண்களின் உள்வட்டத்தில் நிற்கும் சிறு மணல்திட்டு எளிதில் உடைந்துவிடும். பல உறைகளில் அவ்வெண் இரும்புக் கட்டியாகவே வந்தது. குறியை மாற்றியே தீர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் எழுந்தது.

ஓவியர் முதலில் குதிரைத் தலை ஒன்றை வரைந்து தந்தார். குதிரைத்திறனை அது குறிக்கும் என்றார். உயிருள்ளவற்றின் உருவத்தைக் குறியாக்க வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னோம். பிறையையும் 786ஐயும் பற்றி முடிவெடுக்க, ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு வீட்டில் மஷூரா செய்தோம்.

இளையவர்களில் ஒருவர், "இன்றைய சூழலில் இவை இல்லாதிருப்பதே வியாபாரத்துக்கு நல்லது" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த அச்சம் பொய்யானதென்று எங்களால் சொல்ல முடியவில்லை. பெரியத்தா அமைதியாகச் சொன்னார்கள்: "நாம் யாரென்று மறைப்பதற்காக எடுப்பதானால் எடுக்க வேண்டாம். வேறு நியாயம் இருந்தால் சொல்லுங்கள்."

நியாயத்தைச் சொன்னவர் பெரியம்மா. "பழைய உறை உடைந்தால் எங்கே போகிறது? காயலான் கடையில் காலடியில் கிடக்கிறது. பிஸ்மில்லாஹ் என்று நாம் மதித்துப் பதித்தது அங்கே கிடப்பது சரியா?" என்று கேட்டார்கள். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் வரும் தொகையே 786. அவ்வாறு எண்ணால் குறிப்பதற்கு குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரமில்லை என்று ஆலிம்கள் பலரும் விளக்கியுள்ளனர். ஆயினும் கண்ணியத்துடன் பதித்தவர்களின் நிய்யத்தை நாம் குறை சொல்லலாகாது. அந்தக் கண்ணியத்தைக் காப்பதற்காகவே அதனை எடுப்பதென்று முடிவாயிற்று. பாட்டனாரின் பெயர் முழுமையாக நிற்க வேண்டும் என்பதும் அதே அமர்வில் முடிவாயிற்று. அப்பெயரைப் படிக்கும் எவருக்கும் நாங்கள் யாரென்று தெரியும்.

அன்றிரவு நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரத்தைப் பற்றியும் பேசினோம். முத்திரையில்லாத மடலை ரோமர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்து, 'முஹம்மத்', 'ரஸூல்', 'அல்லாஹ்' என்று மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். குறியின் வேலை என்னவென்று இதிலிருந்து விளங்கிக்கொண்டோம். அது அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. செய்தி யாருடையது என்பதில் ஐயம் எழாதிருக்க ஏற்பட்டது.

இறுதியில் தேர்ந்த வடிவம் எங்கள் பொருளிலிருந்தே வந்தது. மையவிலக்குப் பம்பின் உறை நத்தைக்கூடு போலச் சுருண்டு, நீர் வெளியேறும் வாயை நோக்கிப் படிப்படியாக அகலும். நீரின் வேகம் அழுத்தமாக மாறுவது அந்த அகற்சியால்தான். அச்சுருளை ஒரே தடித்த கோடாக வரைந்து, கீழே பாட்டனாரின் பெயரை அமைத்தோம். சிறிய வால்வில் பதித்தாலும், ஒற்றை வண்ணம் பூசினாலும் அது தெளிவாகத் தெரிகிறது.

பொருளிலிருந்து குறியை எடுப்பது புதிய வழக்கமன்று. ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் 1875இல் மேற்கொண்ட மூன்று வளையங்கள், அது செய்த இணைப்பில்லாத இரயில் சக்கர வளையங்களைக் குறித்தன. பிற்காலத்தில் அதே குறியைக் கண்டவர்களுக்கு அந்நிறுவனத்தின் பீரங்கிகளும் நினைவுக்கு வந்தன. செய்தவரின் செயல் எதுவோ, அதையே குறி சுமக்கிறது.

எங்கள் புதிய குறிக்கும் சோதனை விரைவிலேயே வந்தது. அடைமழை நாள்களில் மணலில் ஈரம் ஏறியிருந்தது. ஈர மணலில் உருகிய இரும்பு பாய்ந்தால் ஆவி எழுந்து வார்ப்படத்தில் துளைகள் விழும். நீரழுத்தச் சோதனையில் ஒரு தொகுதி உறைகள் கசிந்தன. துளையைப் பசையால் அடைத்து, மேலே வண்ணம் பூசினால் வாங்குபவருக்குத் தெரியாது. அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் கண்டு, மக்கள் பார்க்குமாறு அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் எங்கள் நினைவுக்கு வந்தன. உறைகளை உடைத்து மீண்டும் உலையிலிட்டோம். வாங்குபவரிடம் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்டோம். அவர் வருந்தினார், பின்னர் ஒப்புக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ்.

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கித் தந்த இறைவன், கவசத்தின் கண்ணிகளைச் சரியான அளவில் அமைக்குமாறு பணித்ததை ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. இரும்பு வேலையில் அளவும் நேர்மையும் இபாதத்தாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பிஸ்மில்லாஹ் இப்போது எங்கள் இரும்பில் இல்லை. உலை திறக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் நாவில் இருக்கிறது.

நம் கைகள் செய்யும் பொருள்களை, நம் பெயருக்கு எதிராகச் சாட்சி சொல்லாதவையாக வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் உடையதாகவும் ஆக்குவானாக! ஆமீன்.