மேல்மாடிக் குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர், அந்த வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டுப் பார் என்று சொல்லாமல் விட்டதேனோ? உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கையில் இருப்பது பிராவிடண்டு பண்டுத் தொகை ஒன்றுதான். குமணன்சாவடியில் கீழே நாங்கள் குடியிருந்து, மேல்மாடி வாடகையில் காலட்சேபம் நடத்த ஒரு வீடு வேண்டும். கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

புலவருக்காகத் தலையையே கொடுக்கத் துணிந்த குமண வள்ளலை நினைவூட்டும் ஊர் அது. நிலம் விற்பவர்களிடம் அந்த வள்ளன்மையைக் காணோம்! கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயில் பாதையின் ஸ்டேஷனை, தரகர்கள் ஒவ்வொரு மனையின் வாசலிலும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

"மேஸ்திரி, கம்பி, ஜல்லி என்று அலைகிற வயதா உங்களுக்கு? வாங்கினால் அடுத்த மாதமே வாடகை வருமே" என்பது என் சம்சாரத்தின் கட்சி. நியாயமான பேச்சுத்தான். ஆனால் 2023 ஏப்ரல் ஏற்பாட்டின்படி கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மனையாக வாங்கினால் இது மனைக்கு மட்டும். வீடாக வாங்கினால் கட்டடத்தின் மதிப்புக்கும் சேர்த்து அழவேண்டும். அநுமதியோ முன்போல் கஷ்டமில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் ஒரு மாடியுடன் 3,500 சதுர அடி வரை கட்ட இடங்கொடுக்கிறது.

இவ்வளவும் பணக் கணக்கு. என் மனத்தை மாற்றியது வேறு. 'டூப்ளக்ஸ்' என்று தரகர் காட்டிய வீடுகளிலெல்லாம் மாடிப்படி கூடத்துக்குள்ளேயே ஏறுகிறது. மின்சார மீட்டரும் ஒன்றுதான். ஒரே குடும்பம் வாழ அது வெகு சௌகரியம். குடித்தனக்காரர் இரவு வேலை முடிந்து வந்தால், எங்கள் கூடத்தைத் தாண்டியல்லவா படியேற வேண்டும்? 2016-இல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகையும் இணைப்பு ஒன்றுக்கு ஒன்றுதான்.

இருபது வருஷம் நானும் குடிக்கூலி கொடுத்தவன். ஒரு வீட்டுக்காரர் உப மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்குத் தோன்றிய விலை வைப்பார். முதல் தேதியன்று அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோகும். என் செருப்புச் சத்தத்துக்கு எந்தக் குழந்தையும் வாயை மூடக்கூடாது.

ஆகவே கட்டுவதுதான். படி வெளியே, மீட்டர் தனி, தண்ணீர்த் தொட்டியும் தனி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம்.

சம்சாரம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். செம்பரம்பாக்கம் ஏரி தூரத்தில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை அவள் மறக்கவுமில்லை. ஐப்பசி மழையில் மனை எப்படி நிற்கிறதென்று பார்த்த பிறகுதான் அச்சாரமாம். இப்போது புரட்டாசி நடக்கிறது.