பதில் போட வேண்டாம் என்று ஃபைலில் வைத்த கடிதம்

ஆராய்ச்சி என்ற பெயரில் மனிதர்களை வதைத்த கதை என்றதும் எல்லோருக்கும் ஹிட்லரின் முகாம்கள்தான் ஞாபகத்துக்கு வரும். முள்வேலி, துப்பாக்கி, ரகசியம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது அந்த ரகம் இல்லை. அங்கே ரகசியமே கிடையாது (மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு மட்டும்தான் ரகசியம்). யாரை வைத்துச் செய்தோம், எப்படிச் செய்தோம், எத்தனை பேர் செத்தார்கள் என்று மருத்துவ ஜர்னல்களில் கட்டுரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜர்னல்களும் போட்டுக்கொண்டே இருந்தன. முதல் கட்டுரை வந்த வருடம் 1936. ஆய்வு நின்ற வருடம் 1972!

டஸ்கிகீ கதை ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1932-இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை இதை ஆரம்பித்தது. சிபிலிஸ் என்ற மேகநோய்க்கு வைத்தியமே பார்க்காமல் விட்டால் உடம்பு என்னவாகும் என்று கடைசிவரை பார்ப்பதுதான் திட்டம். சுமார் 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். நோய் இருந்தவர்கள் 399, ஒப்பிடுவதற்காக நோய் இல்லாதவர்கள் 201. நோயின் பெயரைச் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்று சொல்லி வைத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததை இலவச விசேஷ சிகிச்சை என்றார்கள். 1940-களின் பிற்பகுதிக்குள் பெனிசிலின் இந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடுமே!

இனி அந்தக் கட்டுரைகளுக்கு வருவோம். 1953-இல் வந்த ஒன்று கொஞ்சம் விசேஷமானது. அந்த ஆய்வில் வேலை பார்த்த நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸ் பெயர்தான் அதில் முதலில் இருக்கிறது. இத்தனை வருடம் இந்த ஆட்களை விலகாமல் எப்படிப் பிடித்து வைத்தோம் என்று விளக்குகிறது. காரில் கூட்டிப்போனது, சூடாகச் சாப்பாடு போட்டது, செத்தபின் உடலைப் பரிசோதிக்கக் குடும்பம் சம்மதித்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தது, எல்லாம் வரும். அனுபவக் குறிப்பு மாதிரி, வெட்கமே இல்லாமல் இருக்கிறது. இது எடிட்டர் மேஜையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கம்பெனி யோக்கியம் என்று ஆகிவிடாது. பணம் எங்கிருந்து வந்தது என்றும் ஆடிட்டர் கேட்க வேண்டும். அந்த ஜர்னல்கள் கூட்டல் சரியா என்று பார்த்ததோடு நிறுத்திக்கொண்டன.

1964-இல், முப்பது வருடக் கண்காணிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது. டெட்ராய்ட்டில் இருந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் இதய மருத்துவர் அதைப் படித்துவிட்டு, 1965-இல் கட்டுரை எழுதியவர்களுக்கே ஒரு கடிதம் போட்டார். மூன்றே வாக்கியம். மருந்து இருக்கும்போது சாகக்கூடிய நோயோடு மனிதர்களை அப்படியே விட்டுவைத்தது எப்படி என்று திகைத்துப்போய்க் கேட்டிருந்தார். கட்டுரையாளர்களில் ஒருவர் அதன்மேல் ஒரு குறிப்பு எழுதி ஃபைலில் வைத்துவிட்டார். இந்த மாதிரிக் கடிதம் வருவது இதுதான் முதல்முறை, பதில் போடுவதாக இல்லை என்பது அந்தக் குறிப்பின் சாரம். முதல்முறை! அதுவரை எத்தனை டாக்டர்கள் படித்திருப்பார்கள்?

கடைசியில் இதை நிறுத்தியது எந்த ஜர்னலும் இல்லை. பொதுச் சுகாதாரத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-இலிருந்து மேலிடத்துக்கு எழுதிப் பார்த்து அலுத்துப்போய், விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வந்தது. சில மாதங்களில் ஆய்வு நின்றது. அப்போது நோயோடு சேர்க்கப்பட்டவர்களில் 74 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

இதற்கிடையில் 1966-இல் ஹார்வர்டின் மயக்க மருந்துப் பேராசிரியர் ஹென்றி பீச்சர் ஒரு குண்டைப் போட்டார். ஏற்கெனவே வெளியான ஆய்வுகளிலிருந்து 22 உதாரணங்களை எடுத்து, இவை தர்மமே இல்லை என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். (அதற்கு முன் ஜாமா ஜர்னல் அவர் கட்டுரையை வேண்டாம் என்றிருந்தது.) யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் சொன்ன தீர்வுதான் முக்கியம்: தவறான வழியில் கிடைத்த முடிவு சரியானதாகவே இருந்தாலும் பிரசுரிக்கக் கூடாது. சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தைக் கோர்ட் தள்ளுவது போல.

"இவ்வளவு பேர் கஷ்டப்பட்டுக் கிடைத்த தகவலைக் குப்பையில் போட்டால் அவர்கள் பட்டதே வீண்தானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆராய்ச்சியாளருக்குக் கூலியே பிரசுரம்தான். பதவி, நிதி, பெயர் எல்லாம் அதன் பின்னால் வருகிறது. கூலி நிச்சயம் என்று தெரிந்தால் அடுத்தவனும் அதே வேலையைச் செய்வான். இதைவிடச் சிக்கலானது இன்னொரு கேள்வி. அச்சில் வந்ததால்தானே ஷாட்ஸுக்கும் பீச்சருக்கும் தெரிந்தது? எடிட்டர் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பியிருந்தால் ஆய்வு பாட்டுக்கு இருட்டில் நடந்திருக்கும். 1997-இல் தொடங்கிய பிரசுர நெறிக் குழுவான கோப், சந்தேகம் வந்தால் எடிட்டர் நிராகரித்ததோடு நிற்கக் கூடாது, சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் கேட்க வேண்டும் என்கிறது. அது சரியான யோசனை.

பீச்சரின் 22-இல் ஒன்று நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதி. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள், எப்படியும் அங்கே அந்த நோய் தொற்றத்தான் போகிறது என்று சமாதானம் சொன்னார்கள். 1971-இல் ஸ்டீபன் கோல்ட்பி என்ற மருத்துவர் லான்செட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குழந்தைக்கு நன்மை இல்லை என்றால் பெற்றோர் சம்மதித்தாலும் தப்பு தப்புதான் என்றார். லான்செட் கடிதத்தைப் போட்டு, கூடவே அவர் சொல்வதுதான் சரி என்றும் எழுதியது. ஷாட்ஸ் கடிதத்துக்கும் இதற்கும் ஆறே வருட இடைவெளி.

1975-இல் டோக்கியோவில் ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தியபோது, இந்த நெறிகளை மீறிய ஆய்வுகளைப் பிரசுரத்துக்கு ஏற்கக் கூடாது என்று சேர்த்தார்கள். ஆராய்ச்சி விலங்குகளின் நலனை மதிக்க வேண்டும் என்றும் ஒரு வாக்கியம் அதில் உண்டு. விலங்குகள் பாவம், அவற்றுக்காகக் கடிதம் போட ஆள் இன்னும் குறைவு. 2009-இல் 271 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். எதற்காகச் செய்தோம், எத்தனை விலங்கு, எப்படிப்பட்ட விலங்கு என்ற அடிப்படை விவரம் எல்லாம் 59 சதவீதத்தில்தான் இருந்தது. மீதியில் எத்தனை எலி செத்தது என்று யாருக்குத் தெரியும்? மறு வருடமே அரைவ் என்ற விதிமுறைகள் வந்தன.

இப்போது எந்த ஜர்னலைத் திறந்தாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதித்தது என்று ஒரு வரி இருக்கும். சந்தோஷம். ஆனால் 2019-இல் ஆஸ்திரேலியாவின் வெண்டி ராஜர்ஸ் குழு, சீனாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவை பற்றிய 445 கட்டுரைகளை ஆராய்ந்தது. மொத்தம் 85,477 அறுவைகள். உறுப்பு மரண தண்டனைக் கைதியிடமிருந்து வந்ததா என்பதை 92.5 சதவீதக் கட்டுரைகள் சொல்லவே இல்லை. கொடுத்தவர் சம்மதித்தாரா என்பதை 99 சதவீதம் சொல்லவில்லை. எதிக்ஸ் கமிட்டி வரி மட்டும் 73 சதவீதத்தில் இருந்தது.