முதல் கம்பி

நுழையும்முன்

கைத்தொழில் கற்பவர்க்குப் பிழை நேர்வது இயல்பு. அப்பிழையைக் கண்டபின் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தொழிலின் நேர்மை இருக்கிறது. மிதிவண்டிச் சக்கரம் கட்டக் கற்ற ஒருவரின் நினைவுப் பகிர்வு இது.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு மிதிவண்டிக் கடையில்தான் என் கோடை விடுமுறைகள் கழிந்தன. பஞ்சர் ஒட்டுவதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் விரைவில் கைவந்தன. சக்கரம் கட்டும் வேலையை மட்டும் கடைக்காரப் பெரியவர் பிறரிடம் விடமாட்டார்.

அப்பா சுற்றுப்புறச் சிற்றூர்களில் பால் வாங்கி, நகரத்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். பால் கேன்களின் சுமையால் அவருடைய வண்டியின் பின்சக்கர ரிம் நெளிந்துபோயிற்று. புது ரிம்மை என் கையில் தந்த பெரியவர், “உங்க அப்பா வண்டிதானே தம்பி, நீயே கட்டு” என்றார். அன்று நான் அடைந்த பெருமிதத்திற்கு அளவில்லை.

கம்பிகளின் கணக்கு

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என மூன்று உறுப்புகள் உண்டு. பருத்த மர ஆரக்கால்கள் சுமையை அழுந்தித் தாங்குகின்றன. மிதிவண்டியின் மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால், இழுத்தால் எளிதில் அறாது. எனவே எல்லாக் கம்பிகளையும் முறுக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். சுற்றிலும் சமமாக இழுபடும்போது ரிம் கோணாமல் நிற்கிறது. கம்பிகள் குடத்திலிருந்து நேராக வெளியே செல்லாமல் சாய்ந்து செல்வதற்கும் காரணம் உண்டு. மிதிக்கும் விசையால் குடம் திரும்பும்போது, சாய்ந்த கம்பிகள் அவ்விசையை ரிம்முக்குக் கடத்துகின்றன. இம்முறைக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

அப்பாவின் வண்டியில் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். குடத்தின் இரு தட்டுகளிலும் பக்கத்துக்கு 20 துளைகள். முதலில் ஒரு தட்டில் ஒன்றுவிட்டு ஒரு துளையாகப் பத்துக் கம்பிகளைக் கோத்து, ரிம்மில் நான்கு துளைகளுக்கு ஒன்றாக மாட்ட வேண்டும். முதல் கம்பி, காற்றடிக்கும் வால்வுத் துளையை ஒட்டி அமைய வேண்டும். அடுத்து, மறுதட்டில் பத்து. பிறகு குடத்தைச் சற்றே திருப்பினால் அந்த இருபதும் ஒரு பக்கமாகச் சாயும். எஞ்சிய இருபதையும் எதிர்த்திசையில் சாய்த்து, ஒவ்வொன்றும் தன் தட்டின் மூன்று கம்பிகளைக் குறுக்கிடுமாறு கோக்க வேண்டும்.

மறைத்த பிழை

நான் குடத்தைத் தவறான பக்கம் திருப்பிவிட்டேன். நாற்பது கம்பிகளும் ஒழுங்காகவே மாட்டின. நிப்பிள்களை முறுக்கிக் கோட்டம் எடுத்தேன். சக்கரம் அசைவின்றிச் சுழன்றது. டயரை மாட்டிக் காற்றடிக்கக் குனிந்தபோதுதான் பிழை தெரிந்தது. வால்வுக்கு இருபுறமும் விலகிச் செல்ல வேண்டிய கம்பிகள், அதன் தலைக்கு மேலே ஒன்றையொன்று நெருங்கி நின்றன. பம்பின் முனை நுழைய இடமில்லை.

நாற்பதையும் அவிழ்க்க மனம் வரவில்லை. பெரியவர் உணவுக்குச் சென்றிருந்தார். கம்பிகளை விரலால் ஒதுக்கிப் பிடித்து, எப்படியோ காற்றடித்து முடித்தேன். அவர் வந்து சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். “நல்லா கட்டியிருக்கே” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை, மானாம்பதிச் சாலையில் அப்பாவின் வண்டியில் காற்று இறங்கியது. வழியில் ஒரு வீட்டில் பம்பு கிடைத்தும் அதன் முனை வால்வைக் கவ்வவில்லை. பாலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தபோது உச்சிவேளை ஆகியிருந்தது. தேநீர்க் கடையில் அடுப்பிலேற்றிய பால் திரிந்துபோயிற்று. “பம்பு சரியில்லை போல” என்று மட்டும் அப்பா சொன்னார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

அவிழ்த்துக் கட்டியது

மாலையில் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. “பத்தாவது கம்பியில பாத்தா பத்து அவிழ்க்கணும், நாப்பதாவதுல பாத்தா நாப்பதும் அவிழ்க்கணும். பாக்காத மாதிரி போனா, வேற ஒருத்தன் தள்ளிக்கிட்டு வரணும்” என்றார். பிறகு அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பத்து முடிந்ததும் நின்று பார்க்கக் கற்பித்தார். முதல் பத்தில் துளைகளின் இடைவெளியை எண்ண வேண்டும். குடத்தைத் திருப்பியதும், வால்வை ஒட்டிய கம்பிகள் அதைவிட்டு விலகிச் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் பத்தின் முதல் கம்பியிலேயே குறுக்கீடுகள் மூன்றா என்று சரிபார்க்க வேண்டும். நள்ளிரவில் சக்கரம் முடிந்தது. வீட்டுக்குச் சென்று அப்பாவிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “நாளைக்குச் சீக்கிரம் போகணும், படு” என்றார்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறைக்குப் புகழ்பெற்றவை. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது என்பது அவற்றில் உள்ள விதிகளுள் ஒன்று. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த அவ்விதியின் பொருள், அந்த இரவுக்குப் பிறகே எனக்கு விளங்கியது.

பள்ளியில் உங்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்திருக்கலாம். அதன் வால்வுத் துளையைக் குனிந்து பாருங்கள். இருபுறமும் கம்பிகள் விலகி நின்று பம்புக்கு இடம் தந்தால், அதைக் கோத்தவர் முதல் கம்பியிலேயே உங்களை நினைத்திருக்கிறார்.